பட்டாவா, பழைய பிக்கப்பா? வாகனம் வாங்க முன் பார்க்க வேண்டியவை

ஊர் திரும்பி, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முதலாவது காலபோக அறுவடையையும் கண்ட குடும்பங்கள் பல எங்கள் களப் பணியாளர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு வாகனம் எடுத்தால் என்ன?" நெல்லை ஆலைக்குக் கொண்டுபோவதென்றாலும், மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றுவதென்றாலும், வீட்டுத்திட்டத்துக்குச் சீமெந்து இறக்குவதென்றாலும் வாடகைக்கே காசு போகிறது. அந்தக் காசு வீட்டிலேயே நிற்கட்டும் என்ற எண்ணம் நியாயமானது.

ஆனால் வாகனம் ஓடாமல் நிற்கும் மாதத்திலும் காசு கேட்கும். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், பற்றரி, ரயர், எடுத்த கடனுக்குத் தவணை என்று செலவு தொடரும். அதை வாங்கப் போடும் பணமும் சாதாரணமானதல்ல. அடகு வைத்த நகை, வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அனுப்பியது, இரண்டு போகத்துச் சேமிப்பு எல்லாம் சேர்ந்த தொகை அது. ஒருமுறை பிழையாகப் போனால் இரண்டாவது முறைக்குக் கையில் எதுவும் இருக்காது. ஆகவே விற்பவரின் பேச்சைக் கேட்க முன், கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வன்னியில் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு வகை வாகனங்களுக்கு இடையில்தான் யோசிக்கின்றன. ஒன்று பட்டா. மற்றது பழைய ஜப்பான் பிக்கப், பெரும்பாலும் ரொயோட்டா ஹைலக்ஸ். இந்த இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று இங்கே பார்ப்போம்.

இரண்டு வாகனங்களும் எப்படிப்பட்டவை?

பட்டா என்று நாம் அழைப்பது டாட்டா ஏஸ் என்னும் சிறிய லொறியை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு அறிமுகமானது. இலங்கையில் டிமோ நிறுவனம் விற்பதால் டிமோ பட்டா என்றும் சொல்வார்கள். ஆரம்ப ரகத்தில் இருப்பது 702 சிசி கொள்ளளவுள்ள, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். அதன் வலு 16 குதிரைவலு. என்ஜின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. பெட்டி ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. ஏற்றக்கூடிய சுமை சுமார் 750 கிலோ. சக்கரங்கள் சிறியவை, 12 அங்குலம். ஒடுங்கிய ஒழுங்கையிலும் திருப்பலாம்.

பழைய ஹைலக்ஸ் வேறு வகை. 1980களிலும் 90களிலும் வந்த டீசல் ரகங்களில் 2.4 அல்லது 2.8 லீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜின் இருக்கும். வலு சுமார் 80 குதிரைவலுவும் அதற்குச் சற்று மேலும். சக்கரம் பெரிது, அடிப்பாகம் நிலத்திலிருந்து உயர்ந்தது. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ரகமும் உண்டு, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ரகமும் உண்டு. தனிக் கதவு ரகங்கள் 1 தொன் அளவில் ஏற்றும். இரட்டைக் கதவு ரகத்தில் ஆட்கள் இருக்க இடம் கூடுவதால் பெட்டி குறுகிவிடும்.

எந்த வாகனமானாலும் சரியான சுமையை அறிய ஒரு வழி உண்டு. பதிவுச் சான்றிதழில் வெற்று வாகனத்தின் நிறையும், சுமையோடு இருக்கக்கூடிய மொத்த நிறையும் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. சாரதியின் நிறையும் அதற்குள் அடங்கும். "ஒன்றரைத் தொன் போட்டாலும் இழுக்கும்" என்று விற்பவர் சொல்லலாம். இழுக்கும்தான். ஆனால் பிரேக் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. ஸ்பிரிங் பட்டை கூட்டிக் கட்டினால் வாகனம் தாழாமல் நிற்கும், பிரேக்கின் பலம் கூடாது.

முதலில் சுமையை எண்ணுங்கள்

எந்த வாகனம் நல்லது என்ற கேள்விக்கு, உங்கள் வீட்டில் ஒரு வருடத்தில் என்னென்ன சுமை எத்தனை நாள் நகர்கிறது என்பதே பதில் சொல்லும். ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். அவர்களுக்கு 2 ஏக்கர் வயல். மேட்டுக்காணியில் கத்தரி, மிளகாய், பயற்றங்காய். சந்தையும் நெல் ஆலையும் 15 கிலோமீற்றர் தூரத்தில். போய்வர 30 கிலோமீற்றர்.

நெல் மூடை ஒன்று 70 கிலோ என்று வைத்தால், பட்டாவில் 10 மூடைதான் ஏற்றலாம். பிக்கப்பில் 14 மூடை ஏற்றலாம். 14 மூடையை ஆலைக்குக் கொண்டுபோக பட்டா இரண்டு நடை ஓட வேண்டும். அது 60 கிலோமீற்றர். பட்டா லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுகிறது என்றால் 4 லீற்றர் டீசல் செலவாகும். பிக்கப் ஒரே நடையில், 30 கிலோமீற்றரில் முடித்துவிடும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்றாலும் 3 லீற்றர்தான். இந்தக் கணக்கில் பெரிய வாகனமே மலிவு.

இப்போது மரக்கறியைப் பாருங்கள். சந்தைக்குப் போவது 300 கிலோ. இரண்டு வாகனத்துக்கும் ஒரு நடைதான். பட்டாவுக்கு 2 லீற்றர், பிக்கப்புக்கு 3 லீற்றர். மாதத்தில் 25 நாள் ஓடினால் பட்டாவுக்கு 50 லீற்றர், பிக்கப்புக்கு 75 லீற்றர். டீசல் லீற்றர் 115 ரூபா என்று வைத்தால் மாதத்துக்கு 2,875 ரூபா வித்தியாசம். வருடத்துக்கு 34,500 ரூபா. இந்தக் கணக்கில் சின்ன வாகனமே மலிவு.

அந்தக் குடும்பத்தின் வயலில் 40 மூடை விளைந்தால், பட்டாவுக்கு 4 நடை, பிக்கப்புக்கு 3 நடை. வருடத்தில் அது ஒன்றிரண்டு நாள் வேலை. மரக்கறியோ கிட்டத்தட்ட நாளாந்தம். நெல் அறுவடையை மனதில் வைத்து பிக்கப் வாங்கினால், மிச்ச நாளெல்லாம் 300 கிலோ சுமைக்கு 1 தொன் வாகனம் ஓட்ட வேண்டிவரும். அறுவடை நாளுக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டியை வாடகைக்குப் பிடிப்பது இதைவிடக் குறைந்த செலவு. உங்கள் வீட்டில் கணக்கு மாறியும் இருக்கலாம். அயலிலுள்ள பத்துக் குடும்பங்களின் நெல்லை வாடகைக்கு ஏற்றுவதே தொழில் என்றால், பட்டா வாங்கிவிட்டு நாள் முழுவதும் இரண்டு நடை மூன்று நடை ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

வீடு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீமெந்துப் பை 50 கிலோ. பட்டாவில் 14 பைக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. மணலோ 1 கியூப் என்றால் 100 கன அடி, 4 தொன்னுக்கும் கூடுதலான நிறை. அதைப் பட்டாவாலும் முடியாது, பிக்கப்பாலும் முடியாது. "வீடு கட்ட மணல் பறிக்கலாம்" என்ற காரணத்துக்காக இந்த இரண்டில் எதையும் வாங்க வேண்டாம்.

வீதியையும் மாரியையும் நினையுங்கள்

ஏ9 வீதியிலும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியிலும் இரண்டு வாகனமும் ஓடும். உங்கள் படலையிலிருந்து அந்த வீதி வரைக்கும் உள்ள தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். கிரவல் வீதியா, வண்டிப் பாதையா, இடையில் மதகு உடைந்திருக்கிறதா, மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

பட்டாவின் சக்கரம் சிறியது. சேற்றுப் பள்ளத்தில் அடிப்பாகம் முட்டும். சுமை இல்லாதபோது பின்சக்கரங்கள் எளிதில் சுழன்று புதையும். உயரமான பிக்கப் அந்த இடத்தைக் கடந்துவிடும், நான்கு சக்கரமும் இழுக்கும் ரகமென்றால் இன்னும் சுலபம். ஆனால் அந்த ரகத்துக்குப் பராமரிப்பும் கூட. கூடுதலான கியர்ப் பெட்டி, கூடுதலான அச்சு, கூடுதலான ஒயில் என்று செலவு போகும். மாரியில் இருபது நாள் மட்டும் பாதை கெட்டுப்போகும் என்றால், அந்த நாட்களில் மரக்கறியை லாண்ட்மாஸ்டரில் பிரதான வீதிவரை கொண்டுவந்து மாற்றி ஏற்றலாமா என்றும் யோசியுங்கள்.

பழுது பார்ப்பதும் இதோடு சேர்ந்த விடயம். கிட்டவுள்ள கராஜில் கேளுங்கள்: "பாஸ், இந்த வாகனத்துக்கு இஞ்ச சாமான் எடுக்கலாமோ, கொழும்புக்குச் சொல்லி விடவேணுமோ?" உதிரிப்பாகம் வரும்வரை வாகனம் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள்.

பாவித்த வாகனத்தைப் பார்க்கும்போது

பழைய பிக்கப் என்றால் நிச்சயம் பாவித்தது. பட்டாவும் பாவித்ததாக இருக்கலாம். காலையில், நல்ல வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் போதாது.

என்ஜினை நீங்கள் வரும்வரை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் என்ஜின் இருக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இயங்கச் சிரமப்படும் என்ஜினை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். புகையின் நிறத்தைப் பாருங்கள். தொடர்ந்து நீலப் புகை வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது. மிதிக்கும்போது கடும் கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியான வாகனத்தை விட்டுவிட்டு வாருங்கள்.

ஹைலக்ஸின் இந்த டீசல் என்ஜின்களில் ரைமிங் பெல்ட் இருக்கும். ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் என்ஜினுக்குள் பெரும் சேதம் வரும். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் வாங்கியவுடன் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய வாகனத்தின் கிலோமீற்றர் மானியை நம்ப முடியாது. கால் மிதியின் இறப்பரும் ஆசனமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது உண்மையைச் சொல்லும்.

கரையோரத்தில் மீன் ஏற்றிய வாகனமென்றால் கீழே குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் ஒழுகிய இடங்களில் இரும்பு உக்கியிருக்கும். புதிய கறுப்புப் பூச்சு அதை மறைக்கவும் கூடும். சிறிய சுத்தியலால் தட்டிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள்.

சில வாகனங்கள் இடம்பெயர்வுக் காலத்தில் கைவிடப்பட்டு, வருடக்கணக்கில் வெட்டவெளியில் நின்றவை. வெளியே நிறம் பூசியதும் புதிது போலத் தெரியும். உள்ளே டீசல் தாங்கி துருப்பிடித்திருக்கும், இறப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கும், பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும், மின்கம்பிகளை எலி கடித்திருக்கும். அப்படியான வாகனத்தின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பழுதுபார்க்கும் செலவு அதைச் சமன்செய்துவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் அதன் பத்திரங்களில் இருக்கிறது.

புத்தகம் சரியில்லையென்றால் வாகனமே சரியில்லை

போரின் இறுதிக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் வாகனத்தையும் அதன் பத்திரங்களையும் சேர்த்தே இழந்தன. நாட்டின் பதிவு இல்லாமல் வன்னிக்குள் மட்டும் ஓடிய வாகனங்களும் இருந்தன. ஆகவே இன்று உங்கள் முன்னால் நிற்கும் வாகனம் உண்மையில் யாருடையது என்பதை நீங்கள் உறுதிப்படுத்த வேண்டும். இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் வாகனமாகவும் அது இருக்கக்கூடும்.

விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணை, புத்தகம் உங்கட பேரிலயோ இருக்கு?" இல்லை என்றால் யாருடைய பெயரில், அவர் எங்கே இருக்கிறார், அவரே வந்து கையொப்பமிடுவாரா என்று கேளுங்கள். "திறந்த பத்திரம் இருக்கு, பிறகு மாத்தலாம்" என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம். முதல் உரிமையாளர் ஒப்பமிட்டுக் கொடுத்த படிவத்தோடு நாலைந்து கை மாறிய வாகனத்தில் ஒரு விபத்தோ வழக்கோ வந்தால் யார் பொறுப்பு என்பதே சிக்கலாகிவிடும். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வாகனத்தில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி அராவியிருந்தாலோ, ஒட்டுப் போட்டிருந்தாலோ, எழுத்துகள் ஒரே வரியில் இல்லாவிட்டாலோ முற்பணம் கொடுக்க வேண்டாம். சான்றிதழில் பதிவு பெற்ற உரிமையாளர் ஒருவரும், முழு உரிமையாளர் என்று ஒரு நிதி நிறுவனமும் இருந்தால், லீசிங் இன்னும் தீரவில்லை என்று பொருள். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை அந்த நிறுவனத்திலிருந்தே நேரில் பெற வேண்டும். முழு விபரத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து உறுதிசெய்யலாம்.

சான்றிதழில் வாகனம் எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். லொறியா, இரட்டைப் பயன்பாட்டு வாகனமா என்பதைப் பொறுத்து வருடாந்தக் கட்டணமும் தகுதிச் சான்றிதழ் தேவையும் மாறும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு அதற்குப் பொருந்துகிறதா என்றும் கேட்டறியுங்கள். பொருந்தாத அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது. பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கோ, செத்தவீட்டுக்கோ அயலவர் கேட்டாலும் இதை மனதில் வையுங்கள்.

தவணையைக் குறைந்த மாதத்தில் வைத்துப் பாருங்கள்

பட்டாவை லீசிங்கில் எடுப்பது எளிது. பழைய பிக்கப்புக்கு நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் குறைந்த தொகையையே தருவதால் அதற்குக் கையில் காசு கூடுதலாக வேண்டும். எளிதாகக் கிடைப்பதால் மட்டும் ஒன்றைத் தெரிவு செய்யக்கூடாது.

கணக்குக்காக ஒரு உதாரணம். முற்பணம் 250,000 ரூபா, மாதத் தவணை 20,000 ரூபா, 48 மாதம். தவணைகள் மட்டும் 960,000 ரூபா. மொத்தம் 1,210,000 ரூபா. அதே வாகனத்தின் காசு விலை 850,000 ரூபா என்றால், காலம் தாழ்த்திக் கொடுப்பதற்காக நீங்கள் செலுத்துவது 360,000 ரூபா. இந்தப் பெருக்கலை நிறுவனத்தின் மேசையிலேயே செய்து, தொகையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

காலபோக அறுவடை முடிந்து சந்தை நிறைந்திருக்கும் மாதத்தில் 20,000 ரூபா பெரிதாகத் தெரியாது. வயலும் இல்லாமல், தோட்டத்துக்குத் தண்ணீரும் இல்லாமல் இருக்கும் மாதத்தில் அதே தொகை எங்கிருந்து வரும்? கடந்த வருடத்தில் உங்கள் வீட்டு வருமானம் மிகக் குறைந்த மாதத்தை எடுங்கள். சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து எல்லாம் கழித்து அந்த மாதத்தில் மிஞ்சுவதற்குள் தவணை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் குறைந்த விலை வாகனத்தைப் பாருங்கள், அல்லது இன்னும் ஒரு போகம் பொறுங்கள். தவணை தவறி நிறுவனம் வாகனத்தை எடுத்துப் போனால் கட்டிய காசு போய்விடும். வாகனத்தை விற்றும் கடன் தீராவிட்டால் மிச்சத்தை உங்களிடமும் பிணை நின்றவரிடமும் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. பிணை நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் அல்லது உறவினர் என்பதை மறக்க வேண்டாம்.

ஒப்பந்தம் உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால், தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் ஒப்பமிட வேண்டாம். ஒப்பமிட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

யாருடைய பெயரில்?

கணவரை இழந்த சகோதரிகள் பலர் தங்கள் காசில் வாகனம் வாங்கி, ஓட்டப் போகிறவர் என்பதற்காக மைத்துனரின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ பதிகிறார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் ஓட்டுபவருக்கு மட்டுமே தேவை, உரிமையாளருக்குத் தேவையில்லை. காசு போட்டவர் யாரோ அவர் பெயரில் பதியுங்கள். உறவு நல்லாய் இருக்கும்போது இதைச் செய்வது எளிது, கெட்ட பிறகு மிகக் கடினம்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழிதான். ஆனால் யார் எவ்வளவு போட்டது, எந்த நாள் யாருக்கு, பழுதுக்கு யார் கொடுப்பது, ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பவற்றை எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். கமக்காரர் அமைப்பு அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முன்னிலையில் எழுதினால் பின்னர் பேசித் தீர்க்க இடம் இருக்கும்.

முடிவெடுக்க முன் ஒரு மாதம்

வாங்கும் எண்ணம் வந்தவுடன் ஒரு கொப்பியை எடுங்கள். ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு நாளும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: என்ன ஏற்றினோம், எத்தனை கிலோ, எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு கொடுத்தோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் தவறாமல் எழுதுவார்கள். அறுவடை மாதம் இல்லாவிட்டால் போன போகத்து மூடைக் கணக்கையும் நினைவுபடுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத முடிவில் மூன்று விடை கிடைக்கும். பெரும்பாலான நாட்களில் சுமை 700 கிலோவுக்குக் குறைவாக, பாதையும் பரவாயில்லை என்றால் பட்டா உங்களுக்குப் போதும். பெரும்பாலான நாட்களில் அதற்கு மேலான சுமையும் கெட்ட பாதையும் என்றால், பத்திரம் சரியான, நல்ல நிலையிலுள்ள பிக்கப் ஒன்றைத் தேடலாம். கொடுத்த வாடகை முழுவதையும் கூட்டினாலும் தவணையின் அரைவாசிக்கும் வரவில்லை என்றால், இப்போதைக்கு வாடகை வாகனமே உங்களுக்கு லாபம். அந்த விடை வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் நகையும் சேமிப்பும் அடுத்த போகத்துக்கும் உங்களிடமே இருக்கும்.

அந்தக் கொப்பியோடு எங்கள் வாழ்வாதார உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்பதற்கும், ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்துவதற்கும் அவர் உதவுவார். முற்பணம் கொடுத்த பிறகல்ல, கொடுக்க முன் வாருங்கள்.